வீட்டுலயே குஞ்சு பொரிக்கிறதும் பொறந்த குஞ்சோட கால் கோளாறை சரி பண்றதும்: முழு வழிகாட்டி

கோழிக்குஞ்சுக்கு கால் சரியில்லன்னு கேக்குறவங்க எல்லாருமே குஞ்சு பொறந்ததுக்கு அப்புறம்தான் கேக்குறாங்க. ஆனா அந்தக் கால் பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும், தாய்க்கோழி என்ன தின்னுச்சு, இன்குபேட்டர்ல சூடு எவ்வளவு இருந்துச்சு, குஞ்சு முதல்ல கால் வச்ச தரை எப்படி இருந்துச்சு, இந்த மூணுலதான் விஷயமே இருக்கு. அதனால பிளாஸ்திரி ஒட்டுறதை மட்டும் சொல்லிட்டுப் போகாம முட்டை எடுக்குறதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். அவசரமா கையில குஞ்சை வச்சுக்கிட்டு படிக்கிறவங்க நேரா கால் பகுதிக்குப் போயிடுங்க, முதல் ரெண்டு நாள் ரொம்ப முக்கியம்.

முட்டைக்கு முன்னாடி தாய்க்கோழி

நாட்டுக்கோழி வளக்குற வீடுகள்ல நொய், மிஞ்சின சோறு, கொஞ்சம் கம்பு, இவ்வளவுதான் தீனி. மேய விட்டு வளக்குற கோழின்னா பரவாயில்ல, கரையான், புழு, கீரைன்னு அதுவே தேடித் தின்னுக்கும். மாடியில கூண்டுல அடைச்சு வச்சு நொய்யை மட்டும் போட்டா முட்டை வரும், ஆனா அந்த முட்டைக்குள்ள பி2 விட்டமின் குறைவா இருக்கும், கரு பாதியில சாகும், தப்பி வர்றதுல சிலது விரல் சுருண்டு வரும். மாங்கனீஸ்ங்கிற தாதுச்சத்து குறைஞ்சா கால் முட்டியில நரம்பு (தசையை எலும்போட சேக்குற நாண்) நழுவுற கோளாறு வரும், மக்காச்சோளத்துல மாங்கனீஸ் ரொம்பக் கம்மி, அரிசித் தவிட்டுல நல்லா இருக்கு, அதனால மக்காச்சோளக் குருணை மட்டும் போடுறவங்க தவிடு சேத்துக்கிட்டா அந்தக் குறை பெருமளவு தீரும். அடைக்கு முட்டை சேக்கப் போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே முருங்கைக்கீரை, தவிடு, கொஞ்சம் முட்டைக்கோழித் தீவனம் கலந்து குடுக்க ஆரம்பிச்சிடுங்க.

சேவல் கூட இருக்கணும், இது சொல்லணுமான்னு நினைப்பீங்க, கடையில வாங்குன வெள்ளை முட்டையை இன்குபேட்டர்ல வச்சுட்டு காத்துக்கிட்டு இருக்குறவங்க இன்னும் இருக்காங்க. நாமக்கல் பண்ணையில இருந்து வர்ற முட்டை சேவலே இல்லாத கூண்டுக்கோழி போடுறது, அதுல கரு இருக்காது. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

முட்டை சேக்குறது

ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது, ஓடு மெல்லிசா இருக்குறது, கோணலா இருக்குறது, விரிசல் விட்டது எல்லாத்தையும் ஆம்லெட்டுக்கு எடுத்துக்கோங்க. எச்சம் ஒட்டியிருந்தா காஞ்ச துணியால மெதுவா தேய்ச்சு விடுங்க, கழுவாதீங்க, ஓட்டு மேல ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, அது போயிட்டா கிருமி உள்ள போக வழி கிடைச்சிடும்.

அடைமுட்டையை வைக்க நல்ல சூடு 15ல இருந்து 18 டிகிரி செல்சியஸ், அதுல ஒரு வாரம் வரைக்கும் தாங்கும். நம்ம ஊர் வெயில்ல வீட்டுக்குள்ளயே 32, 34 இருக்கும், அந்தச் சூட்டுல கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு அப்படியே செத்துடும், கோடையில நிறைய முட்டை பொரியாம போறதுக்கு இதுதான் காரணம், ஆனா பழி இன்குபேட்டர் மேல விழும். பழைய முறைதான் நல்லது, அகலமான மண் சட்டியில ஆத்து மணலைப் போட்டு ஈரமாக்கி, அது மேல சாக்கோ துணியோ விரிச்சு முட்டையை கூர் பக்கம் கீழ இருக்குற மாதிரி நிறுத்தி இருட்டான மூலையில வைங்க. அப்படி வச்சாலும் கோடையில மூணு நாலு நாளைக்கு மேல சேக்க வேணாம். ஃப்ரிட்ஜ் உள்ள ரொம்பக் குளிர், வேற வழியே இல்லைன்னா கதவுத் தட்டுல வைக்கலாம், பொரிப்பு குறையும்.

அடைக்கோழியா இன்குபேட்டரா

கோழி அடைக்கு உக்காந்திருக்குன்னா அதை விட நல்ல மெஷின் கிடையாது. கூடையில மணல், அது மேல வைக்கோல், முட்டை பத்துல இருந்து பன்னெண்டு, சிறுவிடையா (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) இருந்தா பத்தோட நிறுத்திக்கோங்க, மூடி வைக்க முடியாத முட்டை குளிர்ந்து போகும், கோழி முட்டையை உருட்டி உருட்டி மாத்துறதால ஒவ்வொரு முட்டையா வெளிய போய் குளிர்ந்து எல்லாமே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. ராத்திரியில வைங்க, கோழி பேசாம ஏத்துக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி இறக்கைக்கு அடியில பேன், செல்லு இருக்கான்னு பாருங்க, அரிப்பு தாங்காம எந்திரிச்சுப் போற கோழிங்க நிறைய. கூடையில அடுப்புக்கரி, வரமிளகாய், இரும்புத் துண்டு போடுறது இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆகிடும்னு ஒரு நம்பிக்கை, போடுறதால கெடுதல் இல்ல, எங்க வீட்டுப் பெரியவங்க போடாம விடமாட்டாங்க.

இன்குபேட்டர்னா தெர்மோகோல் பெட்டி, ரெண்டு பல்பு, கம்ப்யூட்டர்ல இருக்குற சின்ன ஃபேன், சூட்டை அளந்து பல்பை தானா போட்டு அணைக்கிற டபிள்யூ 1209ன்னு ஒரு கண்ட்ரோலர், இதை வச்சே நிறைய பேரு நல்லா பொரிக்கிறாங்க. ரெண்டு பல்பு எதுக்குன்னா ஒண்ணு ஃப்யூஸ் போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். காசு செலவு பண்றதா இருந்தா பெட்டிக்குப் பண்ணாதீங்க, தெர்மாமீட்டருக்குப் பண்ணுங்க. கண்ட்ரோலர் காட்டுற நம்பரை அப்படியே நம்பாம வீட்டுல இருக்குற காய்ச்சல் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரை சென்சார் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, 37 டிகிரி பக்கம் அது நல்லா சரியா காட்டும். ஈரப்பதம் காட்டுற மீட்டரை செக் பண்ண, ஒரு மூடியில உப்புல கொஞ்சமா தண்ணி விட்டு ஈர மண் பதத்துக்குக் கொழைச்சு, மீட்டரோட சேத்து காத்துப் புகாத டப்பாவுல எட்டு மணி நேரம் மூடி வைங்க, 75 காட்டணும், 70 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் 5 கம்மியா காட்டுதுன்னு அர்த்தம்.

21 நாள்

ஃபேன் உள்ள பெட்டியில 37.5 டிகிரி, ஃபேன் இல்லாத பெட்டியில முட்டையோட மேல் பக்கத்துல அளந்தா 38.5 பக்கம். ஈரப்பதம் முதல் 18 நாள் 45ல இருந்து 55, கடைசி மூணு நாள் 65ல இருந்து 70. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல முதல் 18 நாளைக்கு தண்ணியே வைக்காம கூட இந்த அளவு வந்துடும், கோயம்புத்தூர், நாமக்கல் பக்கம் கோடையில கிண்ணம் நிறைய தண்ணி வச்சாலும் பத்தாம போகலாம், அதனால ஊர்ல யாரோ ரெண்டு கிண்ணம் வச்சாங்கன்னு நீங்களும் வைக்காதீங்க, மீட்டரைப் பாத்து வைங்க.

சூடு கொஞ்சம் குறையிறதை விட கூடுறதுதான் ஆபத்து. கரண்ட் போனா பெட்டியைத் திறக்காம மேல போர்வை போட்டு மூடி வைங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது, பொரிக்கிறது கொஞ்சம் தள்ளிப்போகும் அவ்வளவுதான். 40ஐ தாண்டினா கரு சாகும், சாகாம தப்பிச்சு வர்ற குஞ்சு கால் விரிஞ்சும் விரல் கோணியும் வர வாய்ப்பு அதிகம். கடைசி வாரத்துல வளந்த கரு தானே சூடு விடும், பெட்டி நிறைய முட்டை இருந்தா சூடு தானா ஏறும், அந்த வாரம் அடிக்கடி பாருங்க.

திருப்புறது ஒரு நாளைக்கு குறைஞ்சது மூணு தடவை, அஞ்சு தடவைன்னா இன்னும் நல்லது, ஒற்றைப்படையில திருப்புனா ராத்திரி முழுக்க ஒரே பக்கம் கிடக்குறது தினமும் மாறும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம்னு பென்சில்ல போட்டுக்கோங்க, பேனா வேணாம்.

ஏழாம் நாள் இருட்டு ரூம்ல போன் டார்ச்சை முட்டையோட மழுங்கின பக்கத்துல வச்சுப் பாத்தா சிலந்திவலை மாதிரி ரத்தக்குழாய் தெரியும். ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு இல்ல, சிவப்பா ஒரு வளையம் மட்டும் நின்னுச்சுன்னா கரு ஆரம்பிச்சு செத்துடுச்சு, ரெண்டையும் எடுத்துடுங்க, உள்ளயே விட்டா அழுகி வெடிச்சு மத்த முட்டையையும் கெடுக்கும். பதினாலாம் நாள் காத்துப்பை (மழுங்கின பக்கத்துல இருக்குற காத்து இடம்) தவிர மத்ததெல்லாம் கறுப்பா தெரியணும். முட்டையை எடை போட தராசு இருந்தா 18ஆம் நாள் ஆரம்ப எடையில 12, 13 சதவீதம் குறைஞ்சிருக்கணும், 50 கிராம் முட்டை 44 கிராம் பக்கம் வரணும். எடை குறையலன்னா ஈரப்பதம் ஜாஸ்தி, காத்துப்பை சின்னதா இருக்கும், குஞ்சு உப்பலா வந்து உள்ள திரும்ப இடம் இல்லாம முட்டியை ஓட்டுல அழுத்தி அழுத்தி சிவந்த முட்டியோட பொறக்கும்.

18ஆம் நாள் திருப்புறதை நிறுத்திட்டு தட்டுல வழுக்காத விரிப்பு போடுங்க. கால் விஷயத்துல மொத்தத்துலயே ரொம்ப முக்கியமான வேலை இதுதான், ஆனா முக்கால்வாசிப் பேரு இதைத்தான் விடுறாங்க. கிச்சன் அலமாரிக்குப் போடுற ரப்பர் வலை விரிப்பு அருமையா இருக்கும், இல்லைன்னா பழைய டர்க்கி டவல். நியூஸ்பேப்பர், பிளாஸ்டிக் தட்டு, தெர்மோகோல் வெறும் தரை வேண்டவே வேண்டாம். சணல் சாக்கு போடுறீங்கன்னா ஓரத்துல பிரிஞ்ச நூலை வெட்டிட்டுப் போடுங்க, அந்த நூல் குஞ்சு காலைச் சுத்தி இறுகி காலே வீங்கிப்போகும்.

குஞ்சு ஓட்டுல முதல் துளை போட்டதுல இருந்து முழுசா வெளிய வர 12ல இருந்து 24 மணி நேரம் ஆகும். நடுவுல மணிக்கணக்கா அசையாம கிடக்கும், அப்பதான் மஞ்சக்கருவையும் ரத்தத்தையும் உள்ள இழுத்துக்குது. அந்த நேரத்துல நாம ஓட்டை உரிச்சா தொப்புள்ல ரத்தம் வந்து செத்துடும். 24 மணி நேரம் தாண்டியும் ஒரு துளையோட நிக்குது, ஓட்டுக்கு உள்ள இருக்குற தோல் காஞ்சு வெள்ளையா ஒட்டிக்கிச்சுன்னா மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு தோலை ஈரமாக்கி, காத்துப்பை பக்கத்து ஓட்டை மட்டும் கொஞ்சமா எடுங்க, ரத்தக்குழாய் தெரிஞ்சா உடனே நிறுத்துங்க. பொறந்த குஞ்சுக்கு உள்ள இழுத்த மஞ்சக்கருவே ரெண்டு நாளைக்கு மேல தாங்கும், அதனால தீனி குடுக்கணும்னு அவசரப்பட்டு பெட்டியைத் திறந்து திறந்து மூடாதீங்க, மீதி முட்டையில தோல் காஞ்சு போயிடும்.

கால்: முதல்ல பாருங்க, அப்புறம் தொடுங்க

பொறந்து முதல் சில மணி நேரம் எந்தக் குஞ்சும் தள்ளாடும், முட்டியில உக்காரும், கவுந்து விழும். அது நோய் இல்ல. ஒரு நாள் ஆகியும் நிக்கலன்னா கையில எடுத்து ரெண்டு காலையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாருங்க. நான் இங்க முட்டின்னு சொல்றது காலுக்கு நடுவுல இருக்குற பெரிய மூட்டை, இறகு முடிஞ்சு செதில் ஆரம்பிக்கிற இடம்.

*கால் விரிஞ்சு போறது.* ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு வயிறு தரையில படும், முட்டி வீங்கியிருக்காது, கையில பிடிச்சு சேத்து வச்சா கால் சாதாரணமா இருக்கும். காரணம் பெரும்பாலும் வழுக்குற தரை, இல்லைன்னா இன்குபேட்டர் சூடு. இதுதான் சுலபமா சரியாகுறது, முதல் நாளோ ரெண்டாம் நாளோ பண்ணிட்டா. ஒரு வாரம் போயிட்டா தொடை தசை அந்த நிலையிலயே பழகிடும்.

சாதாரண காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியை நீளவாக்குல ரெண்டா வெட்டுங்க. பஞ்சு இருக்குற நடுப்பாகம் ரெண்டு காலுக்கும் நடுவுல வரணும், ரெண்டு முனையையும் முட்டிக்குக் கீழ, பாதத்துக்கு மேல இருக்குற தண்டுக்காலைச் சுத்தி அதே பிளாஸ்திரி மேல ஒட்டுங்க. இடைவெளி ரெண்டு ரெண்டரை சென்டிமீட்டர், குஞ்சு இயல்பா நிக்கிற அகலம், ஒட்டி ஒட்டிக் கட்டுனா நடக்க முடியாம கவுந்து விழும். தலைமுடி ரப்பர் பேண்ட், தையல் நூல் எல்லாம் வேணாம், இறுகிடும். கட்டுன உடனே குஞ்சு கோவத்துல புரண்டு கத்தும், அரை மணி நேரத்துல பழகிடும். தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க, கால் கட்டுன குஞ்சு தண்ணியில விழுந்தா எந்திரிக்க முடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கையில பிடிச்சு நிக்க வச்சு பழக்குங்க. பாதம் வீங்குதா, நிறம் மாறுதா, குளிர்ந்து போகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. குஞ்சு வேகமா வளரும், அதனால தினமும் அவுத்துப் பாத்து புதுசா கட்டுங்க, பிளாஸ்திரி வரலன்னா கொஞ்சம் தேங்காண்ணெய் தடவுனா வந்துடும். பெரும்பாலும் மூணு நாலு நாள்ல சரியாகிடும்.

கட்டியும் நிக்கவே மாட்டேங்குதுன்னா ஒரு சின்ன டம்ளர்ல துணி வச்சு, கால் ரெண்டும் உடம்புக்கு நேர் கீழ இருக்குற மாதிரி குஞ்சை கொஞ்ச நேரம் நிக்க வச்சு எடுங்க. ராத்திரி முழுக்க விடாதீங்க, தீனியும் தண்ணியும் வேணும்.

*விரல் சுருண்டு போறது.* இதுல ரெண்டு வகை இருக்கு. முட்டைக்குள்ள நெருக்கி இருந்ததால ஒண்ணு ரெண்டு விரல் மட்டும் வளைஞ்சிருக்கும், குஞ்சு சுறுசுறுப்பா ஓடும். இதுக்கு ஒரு செருப்பு போதும், மெல்லிசான அட்டையை பாதத்தை விட கொஞ்சம் பெருசா வெட்டி, முன்னாடி மூணு விரல் பின்னாடி ஒரு விரல்னு பிரிச்சு வச்சு, மேல மைக்ரோபோர் டேப் (மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற பேப்பர் டேப்) ஒட்டுங்க. முதல் ரெண்டு நாள்ல எலும்பு மெத்துன்னு இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள் போட்டாலே நிமிந்துடும்.

ரெண்டாவது வகை பி2 குறைவு. ரெண்டு பாதத்துலயும் விரல் எல்லாம் கைமுஷ்டி மூடுற மாதிரி உள்பக்கம் சுருளும், முட்டியை ஊனி நடக்கும், நல்லா தின்னும் ஆனா எந்திரிக்காது. பொறக்கும்போதே வரலாம், வெறும் நொய் தின்ன குஞ்சுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சும் வரலாம். இதுக்கு செருப்பு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற பி காம்ப்ளக்ஸ்ல 10 மில்லிகிராம் பி2 இருக்குறதாப் பாத்து வாங்கி, ஒரு மாத்திரையை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு அதையே குடிக்க வைங்க, தினமும் புதுசா கலக்கணும், வெளிச்சத்துல பி2 கெட்டுப்போகும், அதனால வெயில்ல வைக்காதீங்க. ஒரு குஞ்சுக்குத் தேவை ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் அளவுதான், அது குடிக்கிற பத்து இருபது மில்லி தண்ணியிலயே கிடைச்சிடும், மாத்திரையை வாய்ல திணிக்க வேண்டாம். கூடவே அவிச்ச முட்டை மஞ்சக்கரு, கொஞ்சம் ஈரல், அப்புறம் முறையான குஞ்சுத் தீவனம். சீக்கிரம் பாத்தா திரும்பும், வாரக்கணக்கா விட்டா நரம்பு கெட்டுப்போய் திரும்பாது.

*முட்டி நரம்பு நழுவுறது.* இதுதான் கஷ்டமானது, நிறைய பேரு இதை கால் விரிஞ்சதுன்னு நினைச்சு பிளாஸ்திரி போட்டு நாளை வீணாக்குறாங்க. பெரும்பாலும் ஒரு கால்ல வரும், முட்டி வீங்கி பின்பக்கம் தட்டையா இருக்கும், கீழ்க்கால் வெளிப்பக்கமோ உள்பக்கமோ திரும்பிக்கும், தொட்டா கத்தும். நல்ல கால் முட்டிக்குப் பின்னாடி விரலை வச்சா நடுவுல ஒரு கயிறு மாதிரி ஓடுறது தெரியும், நழுவுன கால்ல அது பக்கத்துல கிடக்கும்.

ஒருத்தர் குஞ்சைப் பிடிச்சுக்க, காலை மெதுவா பின்பக்கமா நீட்டி, கட்டை விரலால அந்த நரம்பை பக்கத்துல இருந்து பள்ளத்துக்குள்ள தள்ளிட்டு மெதுவா மடக்குங்க. சரியா உக்காந்தா ஒரு சின்ன அசைவு கைக்குத் தெரியும், கால் நேராகும். அதோட முட்டியைச் சுத்தி மைக்ரோபோர் டேப்பை தளர்வா சுத்தி, கொஞ்சம் மடங்குன நிலையில ரெண்டு நாள் வைங்க. இதை ஒருமுறையாவது கால்நடை டாக்டர் பண்றதைப் பாத்துட்டுப் பண்ணா நல்லது, பலம் குடுத்தா எலும்பு போயிடும். மாங்கனீஸ், கோலின், பி விட்டமின் உள்ள மருந்தை அவர்கிட்டயே கேட்டு வாங்குங்க. மருந்து மத்த குஞ்சுக்கு வராம தடுக்கும், ஏற்கனவே நழுவுனதை மருந்து மட்டும் உள்ள தள்ளாது, எலும்பு வளைஞ்சு போனா திரும்பாது. ரெண்டு கால்லயும் நழுவி தீனிக்கே நகர முடியாத குஞ்சை வாரக்கணக்கா இழுத்துப் பிடிக்கிறது இரக்கம்னு எனக்குத் தோணல, டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

*பின்னாடி வர்றது.* ரெண்டு மூணு வாரத்துல அலகு ரப்பர் மாதிரி வளைஞ்சு நடை தள்ளாடுனா விட்டமின் டி3, கால்சியம், பாஸ்பரஸ் கோளாறு, ரூமுக்குள்ளயே வளக்குற குஞ்சுக்கு வரும், காலை வெயில் காட்டுங்க, ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாது. ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி நீட்டிக்கிட்டு படுத்தா, அதுவும் வாரங்கள் கழிச்சுன்னா, மாரெக்ஸ்ங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், அதுக்கு மருந்து இல்ல, பொறந்த அன்னைக்கு போடுற தடுப்பூசிதான். கால் வராம கழுத்தும் திருகி பச்சையா வெள்ளையா கழிஞ்சா வெள்ளைக்கழிச்சல்னு சந்தேகப்பட்டு உடனே தனியா பிரிங்க, இதுக்கு ஏழாம் நாள் பக்கம் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து விடுறதை தவற விடக்கூடாது. பிளாஸ்திரி இதுக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது.

ப்ரூடர் (குஞ்சு வளக்குற சூட்டுப் பெட்டி)

முதல் வாரம் 33ல இருந்து 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைங்க. நம்பரை விட குஞ்சுங்களைப் பாருங்க, பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா குளிருது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துக்கிட்டு நின்னா சூடு. தரைக்கு ரெண்டு இன்ச் உமி, முதல் மூணு நாள் அது மேல டவலோ ரப்பர் விரிப்போ போடுங்க, இல்லைன்னா உமியையே கொத்தித் தின்னும். அரிசி நொய் மட்டும் போட்டு வளக்காதீங்க, மேல சொன்ன எல்லாம் திரும்ப வரும்.

கால் கட்டுன குஞ்சை மத்ததுங்களோட விட்டா மிதிச்சும் கொத்தியும் கொன்னுடும், தனியா போட்டா கத்தியே சோர்ந்துடும். சாதுவான ஒரு குஞ்சை துணைக்கு விட்டு தனிப் பெட்டியில வைங்க. தாய்க்கோழி பொரிச்ச குஞ்சா இருந்தா கட்டு அவுத்த பிறகு ராத்திரியில, துணைக்கு இருந்த குஞ்சோட சேத்து இறக்கைக்கு அடியில தள்ளி விடுங்க, பகல்ல விட்டா அந்நியக் குஞ்சுன்னு நினைச்சு கொத்த வாய்ப்பு இருக்கு. மறுநாள் காலையில கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க.